"உங்க சாஃப்ட்வேர்ல வைரஸ் இருக்குதாமே?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மென்பொருள் கடை எங்களுடையது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள், மருந்துக் கடைகள், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் என்று இவர்களுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள்தான் பிழைப்பு. எல்லாமே விண்டோஸ் கணினியில் நேரடியாக நிறுவுகிறவை.

ஆன்டிவைரஸ் பற்றி எங்களிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்துபோய் அழைக்கும் வாடிக்கையாளர்கள் ஒரு வகை. படிப்பை முடித்துவிட்டுச் சொந்தமாக மென்பொருள் எழுதி விற்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் இன்னொரு வகை. இருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிட்டோம். முதல் சில கேள்விகள் வாடிக்கையாளர்களுக்கு, மற்றவை எழுதி விற்பவர்களுக்கு.

திரையில் சிவப்பாக எச்சரிக்கை வருகிறது. நிஜமாகவே வைரஸா?

பெரும்பாலும் இருக்காது. ஆனால் நாங்கள் சொல்கிறோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். பெட்டியை மூடாமல் போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஆன்டிவைரஸ், அது வைத்த பெயர் என்ன, எந்த ஃபோல்டரில் எந்த ஃபைலைப் பிடித்தது, இந்த மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். "இன்னா தம்பி, ஏதோ வைரஸ்னு வருதுபா" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. காட்பாடியில் ஒரு கடைக்காரர் ஒருமுறை அப்படித்தான் பதறி அழைத்தார். போய்ப் பார்த்தால் பிடிபட்டது எங்கள் ஃபைலே இல்லை, அவர் பையன் இறக்கி வைத்திருந்த, ஒரு விளையாட்டைக் காசு கட்டாமல் ஓட வைக்கும் கிராக்.

"விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி" என்று நீலப் பெட்டி வருகிறதே, அதுவும் வைரஸ் எச்சரிக்கைதானா?

இல்லை. அது ஸ்மார்ட்ஸ்கிரீன், விண்டோஸோடு வரும் ஒரு காவல்காரன். பொதுவாக அந்த நீலப் பெட்டி, "இந்த ஃபைல் கெட்டது" என்று சொல்வதில்லை. "இது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை" என்கிறது. சிஎம்சி எதிரில் எந்த லாட்ஜில் போய் ரூம் கேட்டாலும் முதலில் ஆதார் கேட்பார்கள். அதற்காக உங்களைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இணையத்திலிருந்து இறக்கும் ஃபைலோடு பிரவுசர் ஒரு கண்ணுக்குத் தெரியாத முத்திரையைச் சேர்த்து வைக்கும், "இது வெளியிலிருந்து வந்தது" என்று. ஸ்மார்ட்ஸ்கிரீன் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் விசாரணையைத் தொடங்குகிறது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் அந்த முத்திரையைச் சுமக்க வழியில்லை. அதனால் பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவிய இடத்தில் நீலப் பெட்டி வராது. அதே ஃபைலை வாடிக்கையாளர் லிங்க்கில் இறக்கினால் வரும். "எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணப்ப வரலையே" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். சோதிக்கும்போது வாடிக்கையாளர் இறக்கும் அதே லிங்க்கில், அதுவரை உங்கள் மென்பொருளையே பார்க்காத ஒரு கணினியில் இறக்கிப் பாருங்கள்.

ஒரு தப்பும் செய்யாத ப்ரோக்ராமை ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கிறது?

பழைய காலத்தில் அது ஒரு கைரேகைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. இன்றைக்கு அது மட்டும் போதாது. புது வைரஸ் தினமும் உருமாறி வருவதால், ஃபைலின் அமைப்பும் நடத்தையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கிறது. ஊகம் என்றால் தப்பும் நடக்கும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் வைக்கும் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு "எம்எல்" என்று இருந்தால், அது இயந்திரக் கற்றல் செய்த ஊகம் என்று பொருள். "வாகாடாக்" என்ற பெயரோடு அந்த வால் ஒட்டி வருவதைப் புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் ஒருநாள் பார்த்திருப்பார்கள். "ஜெனரிக்", "ஹியூர்" என்று வந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான்.

இதோடு பெயர் பழக்கம் என்ற ஒன்றும் சேர்கிறது. உலகத்தில் லட்சம் கணினிகளில் ஓடும் ஃபைல் என்றால் சந்தேகம் குறையும். உங்களுடையது நேற்று பிறந்து மூன்று கணினியில் மட்டும் இருக்கிறது என்றால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடக்குமா?

நடக்கும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்கக் கணினிகள் எழுந்திருக்கவே முடியாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின.

சரி, இது பொய் அலாரம்தான் என்று எழுதியவர் எப்படி உறுதி செய்வது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. "நான்தான் எழுதினேன், அதில் வைரஸ் எப்படி வரும்?" என்று நேரே பொய் அலாரம் என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

2009 ஆகஸ்டில் இண்டக் என்ற வைரஸ் வெளிச்சத்துக்கு வந்தது. புகுந்த கணினியில் டெல்பி என்ற ப்ரோக்ராம் எழுதும் கருவி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால், டெல்பியின் நூலக ஃபைல் ஒன்றை மாற்றி வைத்துவிடும். அதன் பிறகு அந்தக் கணினியில் கம்பைல் செய்யும், அதாவது எழுதிய கோடை ஓடும் ஃபைலாக மாற்றும், எல்லா ப்ரோக்ராமிலும் வைரஸ் சேர்ந்தே வெளியே வரும். எழுதியவரின் சோர்ஸ் கோடில் தேடினால் ஒரு வரிகூடத் தப்பாக இருக்காது. ஆன்டிவைரஸ்கள் கத்தியபோது பொய் அலாரம் என்று மறுத்த நேர்மையான ஆட்களும் இருந்தார்கள்.

2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற அலுவலக போன் மென்பொருளைச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் பிடிக்கத் தொடங்கின. பல வாடிக்கையாளர்கள் அதைப் பொய் அலாரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்த பதிப்பிலேயே விஷம் கலந்திருந்தது.

அதனால் முதலில் உங்கள் கணினியைச் சந்தேகப்படுங்கள். சுத்தமாக விண்டோஸ் நிறுவிய வேறு ஒரு கணினியில் அதே சோர்ஸை எடுத்துக் கம்பைல் செய்து, அதையும் பிடிக்கிறதா பாருங்கள். வாடிக்கையாளரிடம் இருக்கும் ஃபைலின் ஹாஷும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) நீங்கள் அனுப்பிய ஃபைலின் ஹாஷும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது கடைக் கணினியில் ஏற்கெனவே வைரஸ் குடியிருந்து உங்கள் ஃபைலில் தொற்றியிருக்கிறது. வெளியிலிருந்து எடுத்த நூலகங்களை அதிகாரப்பூர்வத் தளத்தில் எடுத்தீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கிராக் செய்த கம்பைலரிலோ, கிராக் செய்த ரிப்போர்ட் டூலிலோ உருவாக்கியது என்றால், மன்னிக்கவும், அதைப் பொய் அலாரம் என்று சொல்ல உங்களுக்கு வாய் கிடையாது.

வைரஸ்டோட்டலில் போட்டேன். எழுபதில் மூன்று பிடித்தது. பரவாயில்லையா?

வைரஸ்டோட்டல் என்பது ஒரே ஃபைலை எழுபது வாக்கில் ஆன்டிவைரஸ் என்ஜின்களிடம் காட்டும் தளம். 2012இல் கூகிள் வாங்கியது. அதில் வரும் எண்ணிக்கையை ஓட்டு எண்ணுவது போல எண்ணாதீர்கள். ஒரு நிறுவனத்தின் என்ஜினை வேறு பல நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தங்கள் பெயரில் ஓட்டுகின்றன; பிட்டிஃபென்டர் என்ஜின் அப்படிப் பல பெயர்களில் இருக்கிறது. அதனால் ஐந்து சிவப்பு தெரிந்தாலும் ஆள் ஒருவராக இருக்கலாம். அந்த ஒருவரிடம் சரி செய்தால் ஐந்தும் சில நாளில் போய்விடும். மாறாக, கேள்விப்படாத பெயருள்ள ஒரே ஒரு என்ஜின் மட்டும் பிடித்தால், உங்கள் வாடிக்கையாளர்களில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், நாங்கள் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. அங்கே ஏற்றும் ஃபைல் ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் காசு கட்டிய சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். மருந்துக் கடையின் டேட்டாபேஸோடு சேர்த்து ஜிப் போட்டு ஏற்றிவிட்டால் நோயாளிகள் பெயரெல்லாம் ஊருக்குப் போய்விடும். இன்ஸ்டாலரை மட்டும் ஏற்றுங்கள்.

என் கோடில் எதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும்?

திருடன் செய்யும் காரியத்தை நல்லவன் செய்தாலும் பார்ப்பவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எங்களுக்கே நடந்ததிலிருந்து தொடங்குகிறோம்.

சிஎம்சிக்கு வங்கதேசத்திலிருந்து நிறையப் பேர் சிகிச்சைக்கு வருவார்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை, சி ஃபார்ம் என்று சொல்லிப் பழகிய அரசுப் படிவத்தில், ஆன்லைனில் பதிய வேண்டும். ரிசப்ஷனில் இருக்கும் அண்ணன் ஒரே பாஸ்போர்ட் விவரத்தை இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதே என்று, எங்கள் மென்பொருளே பிரவுசரில் போய்த் தானாகத் தட்டச்சு செய்வது போல ஒரு வசதி வைத்தோம். மறுவாரமே ஒரு ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிக் குவாரண்டைன் என்ற தனிச் சிறையில் போட்டது. யோசித்துப் பார்த்தால் அதன் மேல் தப்பில்லை. இன்னொரு ப்ரோக்ராமின் ஜன்னலுக்குள் போய் மனிதன் போலத் தட்டுவது, நல்ல மென்பொருள் போல நடித்து வங்கிப் பணத்தைத் திருடும் ட்ரோஜன்கள் செய்கிற வேலை. அந்த வசதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காப்பி பட்டன் வைத்தோம். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தமிழ்99 அல்லது பாமினி விசைப்பலகையை மென்பொருளுக்குள்ளேயே வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கணினி முழுவதற்கும் விசைகளை ஒட்டுக்கேட்கும் ஹூக் போட்டால், தட்டச்சு செய்வதைத் திருடும் கீலாகருக்கும் உங்களுக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. உங்கள் ஜன்னலுக்குள் தட்டும்போது மட்டும் மாற்றினால் போதுமே.

பைதானில் எழுதி, அதை ஓடும் ஃபைலாக்கித் தரும் பைஇன்ஸ்டாலரில் கட்டுபவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். ஒற்றை ஃபைலாகக் கட்டினால், ஓடும்போதெல்லாம் அது டெம்ப் ஃபோல்டரில் தன்னை விரித்து அங்கிருந்து இயங்கும். வைரஸும் அதைத்தான் செய்யும். போதாக்குறைக்கு, பைஇன்ஸ்டாலரோடு ரெடிமேடாக வரும் பூட்லோடரை (ப்ரோக்ராமைத் தொடங்கி வைக்கும் பகுதி) வைரஸ் எழுதுகிறவர்களும் அப்படியே பயன்படுத்துகிறார்கள். ஃபோல்டராகக் கட்டி, அதை இனோ செட்டப் போன்ற இன்ஸ்டாலரில் வைத்துக் கொடுங்கள். பூட்லோடரைச் சோர்ஸிலிருந்து நீங்களே கம்பைல் செய்தாலும் பல நேரம் சத்தம் அடங்கும்.

யூபிஎக்ஸ் போட்டுச் சுருக்குவதை விட்டுவிடுங்கள். பத்து எம்பி மிச்சம் பிடிக்க யாரும் உங்களைக் கேட்கவில்லை. கோடை யாரும் திருடிவிடக் கூடாது என்று கோடைப் புரியாதபடி குழப்பும் அப்ஃபஸ்கேட்டர், கோடை ஆராயும் டீபக்கரைக் கண்டுபிடிக்கும் தந்திரம் எல்லாம் அடுக்குவதும் அப்படியே. மறைக்க மறைக்கச் சந்தேகம் கூடும். ஒரு மளிகைக் கடை பில்லிங் கோடைத் திருட வேலூரில் எத்தனை பேர் அலைகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

தேவையில்லாமல் அட்மின் உரிமை கேட்பது, மறைவாகப் பவர்ஷெல் ஓட்டுவது, ஆட்டோ அப்டேட் என்று இன்னொரு எக்ஸி (ஓடும்) ஃபைலை டெம்ப் ஃபோல்டரில் இறக்கி உடனே ஓட்டுவது, கேட்காமலே ஸ்டார்ட்அப்பில் போய் உட்காருவது, இவையெல்லாம் தனித்தனியே சின்னவை. சேர்ந்தால் சந்தேக மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு கடைக்கும் பெயர் மாற்றித் தனித்தனியாகக் கம்பைல் செய்து கொடுக்கிறோம். அதில் என்ன?

அதில்தான் எல்லாமே. நம் பக்கத்துச் சின்ன டெவலப்பர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. பில்லில் கடை பெயர் வர வேண்டும், வேறு கடையில் ஓடக் கூடாது என்பதற்காகப் பெயரையும் லைசென்ஸையும் கோடுக்குள்ளேயே எழுதி, கடைக்கு ஒரு எக்ஸி. நாற்பது கடை என்றால் நாற்பது ஹாஷ். ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு கணினியில் மட்டும் இருக்கும் ஃபைல். எத்தனை வருடம் ஓடினாலும் அதற்குப் பழக்கப்பட்ட முகம் என்ற பெயர் கிடைக்காது.

ஒரே எக்ஸி, எல்லோருக்கும். கடை பெயர், ஜிஎஸ்டி எண், லைசென்ஸ் எல்லாம் தனி ஃபைலில். நாங்கள் செய்ததில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான். தினம் ஒரு வெர்ஷன் வெளியிடுவதையும் நிறுத்தி, மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

ஃபைலுக்குள் கம்பெனி பெயர், வெர்ஷன் எழுத வேண்டுமா?

கட்டாயம். பெயரில்லாத எக்ஸி, முகவரி இல்லாத கடிதம். கம்பெனி பெயர், பொருளின் பெயர், வெர்ஷன், ஐகான் எல்லாம் இருக்கட்டும். கையொப்பத்தில் இருக்கும் பெயரே இதிலும் இருக்க வேண்டும்.

டிஜிட்டல் கையொப்பம் அவசியமா? செலவு எவ்வளவு?

இந்த ஃபைல் இன்னாருடையது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டுவது அது. தொழிலாகச் செய்கிறீர்கள் என்றால் அவசியம். கோட் சைனிங் சான்றிதழ் என்று கேட்டு வாங்க வேண்டும். செலவு ஐந்து இலக்கத்தில் வரும். விற்பவருக்கு விற்பவர் மாறும், பேரம் பேசலாம். உங்கள் நிறுவனம் நிஜமா என்று பதிவு ஆவணம், முகவரி, தொலைபேசி எல்லாம் சரிபார்த்துத்தான் தருவார்கள். பதிவில் ஒரு முகவரி, கடை இன்னொரு தெருவில் என்று இருந்தால் இழுத்தடிக்கும். முன்பே ஒன்றாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் 1 முதல் இதன் ரகசியச் சாவியைச் சாதாரண ஃபைலாகத் தருவதில்லை. யூஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளிலோ, அப்படிப்பட்ட கிளவுட் சேவையிலோதான் இருக்க வேண்டும். 2026 மார்ச் 1 முதல் வழங்கும் சான்றிதழ்களுக்கு ஆயுள் அதிகபட்சம் 460 நாள். மூன்று வருடத்துக்கு ஒரேயடியாக வாங்கி மறந்துவிடும் காலம் முடிந்தது.

"ஆடிட்டர்கிட்ட ஜிஎஸ்டிக்கு டோக்கன் இருக்கே, அதுல போட முடியாதா?" என்று வாரம் ஒருவர் கேட்கிறார். முடியாது. அது ஆவணத்தில் கையெழுத்திட. இது வேறு சான்றிதழ்.

கையொப்பம் இடும்போது நேர முத்திரையும் சேர்த்துப் போடுங்கள். அதை மறந்தால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய இன்ஸ்டாலர்களின் கையொப்பமும் செல்லாமல் போகும். போட்டிருந்தால், சான்றிதழ் உயிரோடு இருந்தபோது போட்ட கையெழுத்து பிறகும் செல்லும். இன்ஸ்டாலரில் மட்டும் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் எக்ஸி, டிஎல்எல், அன்இன்ஸ்டாலர் ஆகியவற்றை மொட்டையாக விடுபவர்கள் உண்டு. ஆன்டிவைரஸ் பிடிப்பது அந்த உள்ளே இருப்பதைத்தான்.

கையொப்பம் போட்டால் நீலப் பெட்டி உடனே நின்றுவிடுமா?

நிற்காது. நிறுவனத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தரும், அதிக விலையுள்ள ஈவி சான்றிதழ் வாங்கினால் முதல் நாளே நின்றுவிடும் என்பது பழைய கதை. 2024இல் மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இப்போது எந்தச் சான்றிதழானாலும் நல்ல பெயர் மெல்ல மெல்லத்தான் சேரும். ஆனால் கையொப்பம் இருந்தால் அந்தப் பெயர் சான்றிதழின் மேலும் சேர்வதால், அடுத்த வெர்ஷன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விற்பவர் இன்னும் பழைய கதையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே சாதாரண ஓவி சான்றிதழை வாங்கி வாருங்கள்.

கையொப்பம் இருப்பதாலேயே யாரும் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 வெர்ஷன் முறையான கையொப்பத்தோடுதான் விஷத்தைச் சுமந்து வந்தது.

அவ்வளவு பணம் இல்லை. வேறு வழி?

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எம்எஸ்ஐஎக்ஸ் என்ற வகைப் பொதியாகக் கொடுத்தால் அவர்களே கையொப்பம் இடுவார்கள். எல்லா மென்பொருளையும் அப்படிப் பொதிய முடியாது; டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடும் எடை மெஷினோடும் பேசுகிற பழைய விபி 6 மென்பொருள் என்றால் படாத பாடு படுவீர்கள். நீங்களே தயாரித்த சான்றிதழைக் கடைக்காரர் கணினியில் "நம்பகமானது" என்று ஏற்றி வைப்பது மட்டும் வேண்டாம். அந்தச் சாவி தொலைந்தால் எல்லாக் கடைக்கும் கதவு திறந்துவிடும்.

ஃபைலை எப்படி அனுப்புவது?

ஜிமெயில் எக்ஸி ஃபைலை ஜிப்புக்குள் வைத்தாலும் தடுக்கும். உடனே எல்லோரும் செய்வது, 1234 என்று பாஸ்வேர்ட் போட்டு ஜிப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வைரஸ் அனுப்புகிறவர்களும் அச்சு அசலாக இதையேதான் செய்கிறார்கள். சொந்த டொமைனில் எச்டிடிபிஎஸ் உள்ள ஒரு பக்கம், மாறாத ஒரு டவுன்லோட் லிங்க். அவ்வளவுதான்.

ஆன்டிவைரஸ் நிறுவனத்திடம் எப்படி முறையிடுவது?

ஒவ்வொரு நிறுவனமும் பொய் அலாரத்தைத் தெரிவிக்க ஒரு படிவமோ மின்னஞ்சலோ வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தளத்தில் ஃபைலை அனுப்பும்போது "மென்பொருள் உருவாக்குநர்" என்று தேர்வு செய்யும் வசதி உண்டு. நம் கடைகளில் அதிகம் இருக்கும் கே7 சென்னை நிறுவனம், குயிக் ஹீல் புனே நிறுவனம். இரண்டுக்கும் இங்கிருந்தே எழுதலாம், பேசலாம்.

கோபமாக எழுத வேண்டாம். பிடிபட்ட ஃபைல், அதன் ஹாஷ், அவர்கள் வைத்த பெயர், அப்டேட் தேதி, மென்பொருள் என்ன செய்கிறது என்று நாலு வரி, உங்கள் இணையதளம், இவை போதும். சரி செய்துவிட்டோம் என்று பதில் வந்தாலும் கடைக்காரர் கணினியில் புது அப்டேட் இறங்கிய பிறகுதான் தெரியும். அடுத்த வெர்ஷனில் மறுபடி வரலாம். அதனால் நாங்கள் வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஸ்கேன் செய்து, பிடிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்லலாமா?

கூடாது. நாங்களும் ஆரம்பத்தில் சொன்னோம், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம். ஆஃப் செய்தவர் திரும்ப ஆன் செய்வதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கணினியில் ரான்சம்வேர் புகுந்து கணக்கெல்லாம் பூட்டிக்கொண்டால், "இவர் சொல்லித்தான் ஆஃப் பண்ணேன்" என்று அவர் நம்மைக் காட்டுவார், அது நியாயமும்கூட. டி டிரைவ் முழுவதையும் ஆன்டிவைரஸ் பார்க்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் இதே வகைதான்.

அவசரம் என்றால், ஹாஷ் சரிபார்த்த பிறகு, அந்த ஒரு ஃபைலை மட்டும் குவாரண்டைனிலிருந்து மீட்டு அனுமதியுங்கள். நிறுவனத்திடமிருந்து பதில் வந்ததும் அந்த விலக்கை நீக்க ஒரு தேதி குறித்து வையுங்கள். தோல் யூனிட்டுகளில் தனியாக ஐடி ஆள் இருந்தால் அவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எக்ஸியைத் தூக்கிவிட்டால் கணக்கும் போய்விடுமா?

ப்ரோக்ராமும் டேட்டாபேஸும் வேறு வேறு ஃபோல்டரில் இருந்தால் போகாது. எங்கள் மென்பொருளில் அப்படித்தான். திரும்ப நிறுவினால் கணக்கு அங்கேயே இருக்கும்.

நாளைக் காலை குடியாத்தத்தில் டெலிவரி. இன்று மாலைதான் டிஃபென்டர் பிடித்தது. என்ன செய்ய?

முந்தைய வெர்ஷனைப் பிடிக்கிறதா பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் மாற்றியதைப் பாதி பாதியாக எடுத்துக் கம்பைல் செய்தால், எந்த மாற்றம் காரணம் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த ஒரு நூலகமாகவோ, பில்ட் அமைப்பில் தெரியாமல் ஆன் ஆகிவிட்ட சுருக்கும் வசதியாகவோ இருக்கும். கிடைத்தால் எடுத்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இரவே மைக்ரோசாஃப்டுக்கு ஃபைலை அனுப்பிவிட்டு, காலையில் பழைய வெர்ஷனை நிறுவி வாருங்கள். அந்தக் கடைக்காரருக்கு நாளைக்கு வேண்டியது பில் போடுவது. புது ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தால் போதும் என்று நாங்கள் கேட்டவரை எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள்.